திருடி நட்ட இட்லிப்பூ

எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடி ஒரு திருட்டுச் சொத்து. இதை நான் மறைக்கப் போவதில்லை, திருடியவரே மறைத்ததில்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், கம்பெனி வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்கு முன்னால் என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, அந்தச் செடியைக் காட்டி, அதை எப்படித் திருடினார் என்று முழுசாகச் சொல்லிவிடுவார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

செடி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. தகரக் கூரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வேலியில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ, ஒவ்வொரு கொத்தும் உப்பின இட்லி அளவு. ஒற்றைப் பூவை எடுத்தால் மெல்லிசாக நீளக் காம்பு, நுனியில் நாலே இதழ். காம்பை உருவி அடியைச் சப்பினால் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் படும். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் இதற்குப் பெயர் வெட்சி என்றார். பெங்களூரு நர்சரிக்காரர்கள் இக்சோரா என்கிறார்கள். பெயர் எத்தனை வைத்தாலும் அது பாட்டுக்குப் பூக்கிறது.

நான் பெங்களூருவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். அங்கே செடிப் பைத்தியம் பிடித்த டாக்டர் ஒருவர் இருக்கிறார். இட்லிப்பூவும் காபியும் ஒரே குடும்பம், இரண்டும் பங்காளிகள் என்று ஒரு நாள் சொன்னார். வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர், அப்படியென்றால் நாம் ஏன் காசு கொடுத்துக் காபித்தூள் வாங்குகிறோம் என்று கேட்டார். அதன் காயை வறுத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பியவரைத் தடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காபிச் சக்கையைச் செடிக்குப் போட ஆரம்பித்தார். சொந்தக்காரனின் எலும்பை அதற்கே போடுகிறாயே என்றேன். "நம்ம ஜனத்துல மட்டும் இன்னா நடக்குதாம்" என்றார்.

திருட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. நைனாவுக்குச் சுரங்கத்தில் வேலை. கையில் அடிபட்டதால் ஒரு வாரம் கீழே இறக்காமல் மேலே வேலை கொடுத்திருந்தார்கள். மேனேஜர் பங்களாவில் தண்ணீர்க் குழாய் சரிசெய்யப் போனவர், அங்கே வேலியாக நட்டிருந்த இட்லிப்பூவைப் பார்த்து மயங்கிவிட்டார். கேட்டுப் பார்க்கலாமே என்றால், எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: கேட்டு வாங்கின குச்சி பிடிக்காது, திருடி நட்டதுதான் துளிர்க்கும். ஆனால் வாசலில் காவல்காரன் சோதனை போடுவான். கம்பெனி எங்கள் ஆட்களைச் சட்டைப்பை, டிபன் பாக்ஸ், தலைத்துண்டு, வாய் என்று ஒன்று விடாமல் தேடுகிற கம்பெனி. தங்கம் தோண்டுகிறவன் வாயில் சோற்றைத் தவிர எதுவும் போகக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

நைனா ஒரு குச்சியை ஒடித்து, இலையை உருவிவிட்டு, நுனியைக் கடித்து வாயில் வைத்துக்கொண்டார். பல் விளக்குகிற ஆள் மாதிரி எச்சில் துப்பிக்கொண்டே நடந்து வந்தார். அப்போது மத்தியானம் இரண்டு மணி. வேறு எந்த ஊராக இருந்தாலும் மாட்டியிருப்பார். எங்கள் ஊரில் நைட் ஷிப்ட் பார்த்தவன் எழுந்து பல் விளக்குகிற நேரமே அதுதான். காவல்காரன் சட்டையைத் தடவிப் பார்த்து, டிபன் பாக்ஸைத் திறந்து மூடி, போகச் சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பௌத்தக் குடும்பம். நைனா விகாரைக்குப் போனால் பஞ்சசீலத்தைக் கணீரென்று சொல்வார். அதில் இரண்டாவது, கொடுக்காத பொருளை எடுக்க மாட்டேன் என்பது. அதைச் சொல்லும்போது அவர் கையில் இருப்பது அந்தத் திருட்டுச் செடியின் பூ, அதை வைப்பது புத்தர் காலடியில். இது நியாயமா என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். மேனேஜரே அந்தப் பங்களாவைத் தோட்டத்தோடு யாரிடமிருந்தோ பிடுங்கிக்கொண்டதுதான், புத்தருக்கு எல்லாம் தெரியும், நீ போய்ப் படி என்றார்.

திருடி நட்டும் செடி முதல் வருஷம் சாகப் பார்த்ததாம். காரணம் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்கிற முட்டாள்தனம். தங்கம் எடுத்தபின் கம்பெனி கொட்டின கழிவு மண் மலை மலையாக நிற்கிறது, சயனைடு மேடு என்போம். மாவு மாதிரி நைசான மண், இனாமாகக் கிடைக்கிறது. அதை வாரி வந்து எல்லோரும் வாசலைச் சமப்படுத்துவார்கள். நைனாவும் அதில்தான் குச்சியை நட்டிருந்தார். இலையெல்லாம் மஞ்சள் அடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மேனேஜர் சாபம் விட்டுவிட்டான் என்று அம்மா பயந்தாளாம். நைனா இடுப்பளவு குழி தோண்டி அந்த மண்ணை எல்லாம் எடுத்து வீசிவிட்டு, செம்மண் போட்டு, துருப்பிடித்த டிரில் கம்பி ஒன்றை வேருக்கு அடியில் புதைத்து வைத்தார். செடி பிழைத்துக்கொண்டது. மேட்டு மண்ணில் இட்லிப்பூ வாழாது, துரு இருந்தால் வாழும். இதைக் கண்டுபிடித்ததற்கு யாரும் தனக்குப் பட்டம் கொடுக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் உண்டு.

இனி என் கதை. இருபது வருஷத்துக்கு மேலாக விடிகாலை ரயிலில் பெங்களூருவுக்குப் போய் சாயங்கால ரயிலில் திரும்புகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், படுக்க மட்டும் வீடு. என் கணவருக்கும் அங்கேதான் வேலை. மகளுக்கு அங்கே கல்லூரி கிடைத்ததும் கிருஷ்ணராஜபுரத்தில் மாடி வீடு ஒன்று பார்த்துக் குடிபோனார்கள். நான் போகவில்லை. அம்மா இறந்துவிட்டாள், நைனாவுக்கு எண்பது நெருங்குகிறது, சுரங்கத் தூசு ஏறிய நுரையீரல். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். ஆகவே தினமும் வேலை முடிந்ததும் மாடி வீட்டுக்கு ஓடி, ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு, ரயிலைப் பிடித்து நைனாவுக்குச் சமைக்க வருவேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இங்கே வருவார்கள். வாரத்துக்கு ஒரு நாள் புருஷன். சில பெண்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த ரயிலை விட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் படுக்கையில் விழுவேன். நைனாவைத் தனியே விட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. எங்களோடு வந்துவிடு என்று கெஞ்சினேன். அவர் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வைத்திருந்தார். மாடிப்படி ஏற முடியாது. பெங்களூரு தண்ணீர் சேராது. அங்கே யாருக்கும் கதை கேட்க நேரமில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை முன்னால், வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

"செடி மொதல்ல அங்க வந்து பொழைக்கட்டும். அது பொழைச்சா நானும் வரேன்."

கூரை உயரச் செடியை வேரோடு பிடுங்க முடியாது, குச்சிதான் வைக்க வேண்டும். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். அவரே நல்ல கொப்பாகப் பார்த்து, சாய்வாக வெட்டி, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தார். அதோடு அரை சிமெண்ட் மூட்டை மண். பெங்களூரு மண்ணைக் கண்டால் குச்சி பயந்துவிடும், பிறந்த மண்ணோடு போனால்தான் தைரியமாக வேர் விடும் என்றார். என் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணை இப்போது நினைத்தால் எனக்கே குத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

டிஸ்க் நகர்ந்த இடுப்போடு அந்த மூட்டையை ரயிலில் ஏற்றினேன். எங்கள் பெட்டியில் தினமும் ஒன்றாக வருகிற கூட்டம் ஒன்று உண்டு. துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், அடுத்தவர் டிபன் பாக்ஸை உரிமையோடு திறப்பார்கள். மூட்டையைப் பார்த்ததும் ஒருவர், கம்பெனி கண்ணுக்குத் தப்பின தங்கம் இன்னும் அதில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் இந்த ரயிலில் ஏன் வருகிறேன் என்றேன்.

குச்சி இரண்டு இலை விட்டது. பிறகு இலை மஞ்சள் அடித்து விழுந்தது. இரண்டாவது குச்சி, இரண்டாவது மூட்டை. அதுவும் செத்தது. மூன்றாவதும் செத்தது. லேப் டாக்டர் தண்ணீர் தேங்குகிறது என்றார். என் மகள் அதன் பக்கத்தில் பாட்டு வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறை நான் செய்தி கொண்டுவந்தபோதும் நைனா உச்சுக் கொட்டினார். கேட்டு வாங்கினது பிடிக்காது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றார். அன்று ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நானும் அவர் பெண்தானே. நர்சரியில் பூத்த செடியாகவே ஒன்று வாங்கி, மாடித் தொட்டியில் வைத்து, போனில் வீடியோவில் கூப்பிட்டேன். நான்காவது குச்சி ஒன்றை உனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன், பார், பிழைத்துவிட்டது என்றேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பூவைக் கிட்டே காட்டச் சொன்னார். எங்கள் பூவுக்கு இதழ் நுனி கூராக இருக்கும். நர்சரிப் பூவின் நுனி மழுங்கல். அதை நான் நாற்பது வருஷமாகப் பார்த்தும் கவனித்ததில்லை. இது கடைப்பூ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, இருமல் வருகிற வரை சிரித்தார். எனக்கு அவமானத்தில் போனைத் தூக்கிப் போடலாம் போல இருந்தது.

அந்த மாதமே ஒரு நாள் ரயிலில் நின்றுகொண்டு வந்ததில் இடுப்பு முழுக்கப் பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தவளால் குனிந்து செருப்பு வாரைக் கழற்ற முடியவில்லை. நைனாவைக் கூப்பிடவும் இல்லை. எதற்கோ வெளியே வந்தவர் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றினார், மூச்சு வாங்கினார், இன்னொன்றைக் கழற்றினார். திரும்ப எழுந்திருக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. நான் கை கொடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அவர் திருட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை.

மூன்று நாள் லீவு போட்டுப் படுத்தேன். முதல் நாள் காலை வேலிப் பக்கம் சலசலப்பு. பின் லைனில் இருக்கிற அக்கா, எங்கள் செடியில் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அம்மன் கோயிலுக்குச் சிவப்புப் பூ வேண்டும். நைனா குளிக்கப் போகிற நேரம் அவளுக்கு அத்துப்படி. புத்தருக்கு வர வேண்டிய பூவில் பாதி அம்மனுக்குப் போய்க்கொண்டிருந்தது பல வருஷமாக நடக்கிற மத நல்லிணக்கம். வலியில் இருந்த எனக்கு அன்று நல்லிணக்கம் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாகவே கத்தினேன். இப்படி மொட்டை அடித்தால் செடி செத்துப்போகாதா என்று கேட்டேன்.

அவள் கையை வேலியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "பூவ எடுத்தா செடி சாவாது. உங்க நைனா மாதிரி நானு இன்னா சைனேட் மண்ண அள்ளியாந்து கலக்குறனா?"

என்ன கலக்கல் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். மூன்று முறை பார்த்திருக்கிறாள். நான் வேலைக்குப் போன பிறகு நைனா வாளியை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போவார், நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பி வருவார், அந்த மண்ணைச் செம்மண்ணிலும் எருத்தூளிலும் பிசைந்து மூட்டை கட்டுவார். எலிக்கு மருந்து வைக்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறந்த மண் என்று கண் கலங்கினேனே, அதை முதுகில் சுமந்தேனே என்று பல்லைக் கடித்தேன். அவர் குளித்துவிட்டு வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் ஈரத் தலையோடு வந்து, மூச்சு வாங்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தடிக்கு ஒரு முறை நிற்கிற மனிதர், என்னைப் போகவிடாமல் இருக்க, வாளியோடு மேடு ஏறியிருக்கிறார். அதுவும் மூன்று தடவை. கேட்டால் ஒப்புக்கொள்வார், ஒப்புக்கொண்டால் நான் போக முடியாது. அதனால் கேட்கவில்லை. இட்லிக்குச் சட்னி போதுமா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் பௌர்ணமி. நைனா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விகாரைக்குக் கிளம்பினார். மத்தியானம்தான் வருவேன் என்று இரண்டு தரம் சொன்னார். அவர் தலை மறைந்ததும் நான் எழுந்தேன். கேட்டு வாங்கினது சாகும் என்பதுதானே அவர் சட்டம், திருடிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் எதிரியின் மாட்டைக் கவரப் போகிறவன் வெட்சிப்பூ சூடிக்கொண்டு போவான், மீட்கப் போகிறவன் கரந்தை சூடிப் போவான். நான் வெட்சியையே கவரப் போகிறவள், எதைச் சூடுவது என்று வாத்தியார் சொல்லித்தரவில்லை. நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

செடிக்கடியில் ஸ்டூல் கிடந்தது. ஏறி நிற்க வசதியாக, ஆடாமல், கால்களுக்கு அடியில் கல் கொடுத்து வைத்திருந்தது. இடுப்பு வலிக்காரிக்கு நல்லதாகப் போயிற்று என்று ஏறினேன். லேபிலிருந்து கொண்டுவந்திருந்த பிளேடால், பிஞ்சும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் மூன்று கொப்பு வெட்டினேன். திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் பின் லைன் அக்கா, மடி நிறையப் பூவோடு நிற்கிறாள். இரண்டு திருடிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் வானத்தைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவரவர் வேலையாகப் போனோம்.

குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் அடைத்தேன். மத்தியானம் நைனா வந்தார், செடி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் காபி கேட்டார். லீவு இன்னும் ஒரு நாள் இருந்தது. அதை நான் ரத்து செய்துவிட்டு மறுநாள் விடிகாலையில் கிளம்பியபோது வாசற்படியில் காவல்காரன் மாதிரி நின்றார். டிபன் பாக்ஸைத் தொட்டுப் பார்த்து, என்ன சாப்பாடு என்று கேட்டார். தயிர்சாதம் என்றேன்.

"வெயிலு ஜாஸ்தி. நடுவுல கொஞ்சம் தண்ணி தெளிச்சிக்க" என்றார்.

தயிர்சாதத்துக்கு யாராவது தண்ணீர் தெளிப்பார்களா என்று ரயிலில் ஏறின பிறகுதான் தோன்றியது. வயசாகிவிட்டது, உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் பங்காருப்பேட்டை தாண்டியதும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தெளித்தேன்.

இந்த முறை கடையில் வாங்கிய மண், அதில் உடைந்த நாற்காலியிலிருந்து பிடுங்கின துருப்பிடித்த ஆணிகள். இரண்டு குச்சி செத்தது. மூன்றாவது ஒன்றரை மாதம் கழித்துத் துளிர் விட்டது. இலை பச்சை, நரம்பும் பச்சை. தினமும் சாயங்காலம் சமைக்கப் போகும்போது முதலில் அதைப் பார்ப்பேன், பிறகுதான் அடுப்பு. நைனாவிடம் மூச்சு விடவில்லை. மழைக்காலம் முடிந்து, குட்டையாக இருக்கும்போதே ஒரு கொத்து பூத்தது. அன்றைக்குத்தான் சொன்னேன். உன் செடி அங்கே பிழைத்துவிட்டது, எப்படி என்று கேட்காதே, வந்து பார் என்றேன். அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை வரேன் என்றார்.

சனிக்கிழமை லீவு போட்டு, எங்கள் பெட்டியிலேயே அவரைக் கூட்டிப் போனேன். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நேரே தொட்டிக்குப் போய் ஒரு பூவைக் கிள்ளினார். நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு காம்பை உருவிச் சப்பினார். நம்முதுதான் என்றார். என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாக, உள் அறையில் மாமாவுக்குக் கட்டில்கூடப் போட்டாயிற்று என்றார்.

"நான் வரலம்மா" என்றார் நைனா.

வாக்குக் கொடுத்தாயே என்றேன். பஞ்சசீலத்தில் நாலாவது பொய் சொல்லாமை, அதையாவது காப்பாற்று என்றேன். இரண்டாவதே உடைந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாலாவதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாளி, மேடு, மூட்டை, நான் அழுதது, சுமந்தது, கடைசியில் அவர் விகாரைக்குப் போன நேரம் பார்த்து நான் திருடியது வரைக்கும் சொன்னேன். என் கணவரும் மகளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மறுக்கவில்லை. மூன்று மூட்டையும் என்னைப் போகவிடக் கூடாது என்று செய்ததுதான் என்றார். தனியாக இருக்க அவருக்குப் பயமாம், அதைச் சொல்ல வெட்கமாம். அன்றைக்கு என் செருப்பைக் கழற்றின பிறகு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லையாம். மறுநாளே ஸ்டூலை எடுத்துப்போய்ச் செடிக்கடியில் போட்டாராம், ஆடினதால் கல் கொடுத்தாராம். பௌர்ணமி அன்று விகாரையில் நிஜமாகவே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாராம். நான் ஸ்டூலிலிருந்து விழாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வேண்டிக்கொள்ளவில்லையாம்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது, அதைவிடக் கோபம் வந்தது. இதற்கு ஏன் இத்தனை கூத்து, நல்ல மண்ணோடு நாலாவது குச்சியை நீயே என் கையில் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"குடுத்தா புடிக்காதும்மா" என்றார். "அதான் திருட உட்டேன்."

என் கணவர் காபி போடப் போனார். நைனா குடித்தார், சமையலறைக்குப் போய் வடிகட்டியிலிருந்த சக்கையை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டி எடுத்துக்கொண்டார். இங்கே மூன்று பேர் குடிக்கிற காபி, சக்கை நிறைய விழும், வாரம் ஒரு முறை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவருக்குச் சாப்பாடு பின் லைன் அக்கா கொடுப்பாளாம், நான் இனி ரயில் ஏறாமல் இங்கேயே இருக்க வேண்டுமாம். பூவை இனிமேல் வாசல் வழியாகவே வந்து பறித்துக்கொள்ளலாம் என்று அவளிடம் பேசி முடித்திருக்கிறார். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லையாம். நேராக வந்து பறித்தால் அம்மன் ஏற்றுக்கொள்வாளோ என்று யோசிக்கிறாளாம்.

சாயங்கால ரயிலுக்கு நான்தான் கூட்டிப் போனேன். எங்கள் கூட்டம் வழக்கம்போல ஜன்னலோரம் எனக்குத் துண்டு போட்டு வைத்திருந்தது. நான் வரவில்லை, இன்று என் நைனா வருகிறார் என்றேன். துண்டை எடுத்துவிட்டு அவரை உட்கார வைத்தார்கள். கவரில் என்ன என்று ஒருவர் உரிமையோடு பிரித்துப் பார்த்தார். ரயில் அசைந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ரயில் என்னை ஏற்றாமல் போனதில்லை. பிளாட்பாரத்தில் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். ஜன்னலில் நைனா என் பக்கம் திரும்பவில்லை. இல்லாத ஒரு குச்சியை இரண்டு விரலில் பிடித்து வாயில் வைத்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பல் விளக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.